குவாட்டர்பேக், கோச், பிளேஆஃப்: ஈகிள்ஸ் ஃபேன்ஸ் எதைப் பத்தி சண்டை போடுறாங்க?

அமெரிக்காவுல செப்டம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் திங்கக்கிழமை காலைல எந்த ஆபீஸ்ல காது கொடுத்தாலும் அமெரிக்கன் ஃபுட்பாலைப் பத்தின மூணு கேள்விதான் ஓடும். நம்ம குவாட்டர்பேக் தேறுவானா, இந்த கோச்சை எப்ப வீட்டுக்கு அனுப்புவாங்க, சீசன் முடிவுல வர்ற நாக்அவுட் சுற்றான பிளேஆஃபுக்குப் போவோமா மாட்டோமா. புதுசா அந்த ஊருக்குப் போனவங்களுக்கு இதுல ஒரு வார்த்தையும் பிடிபடாது, சும்மா தலையாட்டிட்டு நகர்ந்துடுவாங்க. ஆனா இதைப் புரிஞ்சுக்க ஆட்டத்தோட எல்லா ரூல்ஸும் தெரியணும்னு அவசியமே இல்ல. கொஞ்சம் தெரிஞ்சாலே போதும், அந்த சண்டையில நாமளும் ஒரு நாற்காலி போட்டு உக்காந்துடலாம்.

பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் டீமை வச்சே சொல்றேன். இந்த மூணு கேள்விக்கும் அந்த ஊர்க்காரங்க அளவுக்கு உயிரைக் கொடுத்து வாதாடறவங்க கம்மி, அதோட கடந்த இருபது இருபத்தஞ்சு வருஷத்துல அந்த டீமுக்கு நடந்ததை வரிசையா பார்த்தாலே அந்த ஆட்டத்தோட பெரிய லீக்கான என்எஃப்எல் எப்படி ஓடுதுன்னு முழுசா புரிஞ்சுடும்.

முதல்ல அடிப்படை. ஒரு பக்கம் 11 பேர். பால் வச்சிருக்கற டீமுக்கு நாலு சான்ஸ், அதுக்குப் பேரு டவுன். நாலு டவுனுக்குள்ள 10 யார்டு முன்னேறணும், முன்னேறிட்டா மறுபடியும் நாலு டவுன் கிடைக்கும், இப்படியே நகர்ந்து எதிர் டீமோட கடைசிக் கோட்டைத் தாண்டிட்டா டச்டவுன், 6 பாயின்ட், அதுக்கப்புறம் பாலை உதைச்சு கம்பத்துக்கு நடுவுல விட்டா இன்னொரு 1. அவ்வளவு தூரம் போக முடியலன்னா நின்ன இடத்துல இருந்தே உதைக்கலாம், அது ஃபீல்ட் கோல், 3 பாயின்ட். நாலாவது டவுன் வரும்போதுதான் வயித்தைக் கலக்கும், ஏன்னா துணிஞ்சு இன்னொரு தடவை முயற்சி பண்ணி அது நடக்கலன்னா பால் அதே இடத்துல எதிராளி கைக்குப் போயிடும். இந்த நாலாவது டவுன் முடிவு ஒண்ணை வச்சே ஒரு கோச்சை தெய்வமாவும் ஆக்குவாங்க, தெருவுலயும் நிறுத்துவாங்க.

பாலை கையில வாங்கி யாருக்கு எறியறது, யார்கிட்ட கொடுக்கறது, இல்ல தானே ஓடறதான்னு முடிவு பண்றவர்தான் குவாட்டர்பேக். கிட்டத்தட்ட ஒவ்வொரு பிளேயும், அதாவது ஒவ்வொரு முயற்சியும், அவர் கையில இருந்துதான் ஆரம்பிக்கும். நூறு நூத்திஇருபது கிலோவுக்கு மேல இருக்கற நாலஞ்சு பேர் அவரைக் கீழ தள்ள ஓடி வந்துட்டு இருப்பாங்க, அவருக்குக் கிடைக்கறது ரெண்டரை மூணு செகண்ட், அதுக்குள்ள ஃபீல்டுல யார் ஃப்ரீயா இருக்கான்னு கண்டுபிடிச்சு எறியணும். இதை வருஷக்கணக்கா நல்லா பண்ணத் தெரிஞ்சவங்க மொத்த லீக்ல விரல் விட்டு எண்ணற அளவுதான் இருப்பாங்க, டீம் இருக்கறதோ 32. அதனால பாதி ஊருக்கு எப்பவுமே தன்னோட குவாட்டர்பேக் மேல ஒரு சந்தேகம் இருந்துக்கிட்டே இருக்கும், பெஞ்ச்ல உக்காந்திருக்கற பேக்கப் ஆள் மேல ஒரு ஆசையும் இருந்துக்கிட்டே இருக்கும்.

பிலடெல்ஃபியாவுல அந்த சந்தேகம் ஆள் வந்து சேரறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடும். காலேஜ்ல ஆடறவங்களை டீமுங்க வரிசையா எடுக்கறதுக்குப் பேரு டிராஃப்ட், போன சீசன்ல மோசமா ஆடின டீமுக்கு முதல் வாய்ப்பு. 1999 டிராஃப்ட்ல ஈகிள்ஸுக்கு ரெண்டாவது வாய்ப்பு வந்தப்போ டோனவன் மெக்நாப்ங்கற குவாட்டர்பேக்கை எடுத்தாங்க, ரிக்கி வில்லியம்ஸ்ங்கற ரன்னிங் பேக்தான், அதாவது பாலை வாங்கிட்டு ஓடறவர்தான், வேணும்னு நியூயார்க்குக்கு பஸ் பிடிச்சுப் போயிருந்த ஈகிள்ஸ் ஃபேன்ஸ் அந்தப் பேரைக் கேட்டதும் மேடைக்கு நேராவே 'பூ...'ன்னு எதிர்ப்புக் கூச்சல் போட்டாங்க. அந்த மெக்நாப்தான் அப்புறம் டீமை அஞ்சு தடவை என்எஃப்சி ஃபைனலுக்கும், அதாவது லீக்ல ஒரு பாதியோட ஃபைனலுக்கும், ஒரு தடவை மொத்த லீக்கோட ஃபைனலான சூப்பர் பவுலுக்கும் கூட்டிட்டுப் போனார். அந்த சூப்பர் பவுல் 2005 பிப்ரவரியில நடந்துச்சு, பேட்ரியாட்ஸ்கிட்ட 24-21ல தோத்தாங்க. அவர் நல்லா ஆடறவரா இல்ல பெரிய மேட்ச்ல கைவிடறவரான்னு இன்னைக்கும் அங்க பேசி முடியல.

அடுத்து வந்த கதை இன்னும் பெருசு. 2016ல கார்சன் வென்ட்ஸை எடுக்கறதுக்காகவே நிறைய பிக்ஸை, அதாவது டிராஃப்ட்ல ஆள் எடுக்கற வாய்ப்புங்களை, கொடுத்துட்டு ரெண்டாவது இடத்துக்கு ஏறி வந்தாங்க. 2017ல மனுஷன் எம்விபி, அதாவது மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, வாங்கற லெவல்ல ஆடிட்டு இருந்தார், டிசம்பர் 10 அன்னைக்கு லாஸ் ஏஞ்சலஸ்ல ராம்ஸ் கூட ஆடும்போது முழங்கால் ஜவ்வு கிழிஞ்சு சீசன் முடிஞ்சுபோச்சு. ஊரே துக்கம் அனுசரிச்ச மாதிரி ஆயிடுச்சு, பேக்கப்பா இருந்தவர் நிக் ஃபோல்ஸ், அவரை நம்பி யாரும் பெருசா பேசல. அந்த ஃபோல்ஸ் ஃபால்கன்ஸை 15-10, வைக்கிங்ஸை 38-7ன்னு ஜெயிச்சு, 2018 பிப்ரவரி 4ல மினியாபொலிஸ்ல டாம் பிரேடியோட பேட்ரியாட்ஸை 41-33ன்னு சாய்ச்சு ஈகிள்ஸுக்கு அவங்க முதல் சூப்பர் பவுலை வாங்கிக் கொடுத்தார்.

அந்த மேட்ச்ல ஒரு பிளேயைக் கொஞ்சம் கிட்ட போய்ப் பார்க்கலாம். முதல் பாதி முடிய இன்னும் 38 செகண்ட், ஈகிள்ஸ் 15-12 முன்னிலை, நாலாவது டவுன், கோட்டுக்கு ஒரு யார்டு. உதைச்சா 3 பாயின்ட் சுலபமா வந்துடும், பெரும்பாலான கோச் அதைத்தான் பண்ணுவாங்க. ஃபோல்ஸ் சைட்லைனுக்கு வந்து கோச் டக் பெடர்சன்கிட்ட ஒரு டிரிக் பிளே பேரைச் சொல்லி 'பண்ணலாமா'ன்னு கேக்கறார், பெடர்சன் ஒரு செகண்ட் யோசிச்சுட்டு சரிங்கறார். பால் குவாட்டர்பேக்குக்கு வராம நேரா கோரி கிளெமென்ட்டுக்குப் போகுது, அவர் ஓடிக்கிட்டே ட்ரே பர்ட்டன்கிட்ட தள்றார், பர்ட்டன் காலேஜ் நாள்ல குவாட்டர்பேக்கா ஆடினவர், அவர் எறியறார், எல்லாரும் மறந்துபோன ஃபோல்ஸ் மூலையில தனியா நின்னு பிடிச்சு டச்டவுன். ரெண்டு பேரும் பேசிக்கிட்ட அந்தக் காட்சியை இப்ப சிலையா ஸ்டேடியத்துக்கு வெளியே வச்சிருக்காங்க. நாலாவது டவுன்ல துணிஞ்சதுக்கு ஒரு கோச்சுக்கு சிலை வச்ச ஊர் அது, இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல அதே கோச் அதே நாலாவது டவுன்ல திட்டு வாங்கப் போறார்.

சரி, இப்ப ஈகிள்ஸ் கையில ரெண்டு குவாட்டர்பேக். கப் ஜெயிச்ச ஃபோல்ஸ், வயசு கம்மியான, திறமை ஜாஸ்தியான வென்ட்ஸ். 2018 முழுக்க ஊர் ரெண்டா பிளந்து நின்னுச்சு, அந்த வருஷமும் வென்ட்ஸுக்கு முதுகுல அடிபட்டு, டிசம்பர்ல ஃபோல்ஸே வந்து பிளேஆஃப் வரைக்கும் கொண்டு போய், பேர்ஸ் டீமை அவங்க ஊர்லயே 16-15ன்னு ஜெயிச்சும் காட்டினார். இருந்தும் 2019ல ஈகிள்ஸ் ஃபோல்ஸை விட்டுட்டாங்க, வென்ட்ஸுக்கு நாலு வருஷம் 12.8 கோடி டாலர் எக்ஸ்டென்ஷன் போட்டாங்க.

இங்கதான் காசு விஷயம் புரியணும், இது புரியாம எந்த குவாட்டர்பேக் சண்டையும் புரியாது. என்எஃப்எல்ல ஒவ்வொரு டீமும் பிளேயர்ஸுக்கு மொத்தமா எவ்வளவு செலவு பண்ணலாம்னு ஒரு உச்சவரம்பு இருக்கு, சேலரி கேப்னு பேரு, 2024ல அது 25.54 கோடி டாலர். ஓனர் எவ்வளவு பெரிய பணக்காரரா இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது. டிராஃப்ட்ல வந்த பையனுக்கு முதல் நாலு வருஷம் சம்பளம் கம்மி. ஜேலன் ஹர்ட்ஸை 2020ல ரெண்டாவது ரவுண்டுல எடுத்தாங்க, நாலு வருஷத்துக்கும் சேர்த்தே சுமார் 60 லட்சம் டாலர்தான். அதே ஹர்ட்ஸுக்கு 2023ல போட்ட புது கான்ட்ராக்ட் அஞ்சு வருஷத்துக்கு 25.5 கோடி. குவாட்டர்பேக் சல்லிசா கிடைக்கற அந்த மூணு நாலு வருஷத்துலதான் மிச்சக் காசுல சுத்தி நல்ல டீமைக் கட்ட முடியும், அப்புறம் அவருக்கே பெரிய பங்கு போயிடும், கணக்கை அடுத்தடுத்த வருஷத்துக்குத் தள்ளித் தள்ளித்தான் சமாளிக்கணும்.

என்னைக் கேட்டா ஃபேன்ஸ் சண்டையில முக்கால்வாசி இதனால வர்றதுதான். ஒருத்தர் 'இவனை உக்கார வச்சுட்டு பேக்கப்பை இறக்கு'ம்பார், இன்னொருத்தர் 'பொறு, கத்துப்பான்'பார். ரெண்டு பேரும் ஒரே ஆளைப் பத்திப் பேசற மாதிரி தெரியும், ஆனா முதல் ஆள் இந்த ஜனவரியைப் பத்திப் பேசறார், ரெண்டாவது ஆள் மூணு வருஷம் கழிச்சு வர்ற ஜனவரியைப் பத்திப் பேசறார். 2018ல ஃபோல்ஸ் கட்சி, வென்ட்ஸ் கட்சின்னு பிரிஞ்சு நின்னதும் இதுதான். யாராவது குவாட்டர்பேக்கைப் பத்திக் கத்த ஆரம்பிச்சா அவங்க எந்த வருஷத்தை மனசுல வச்சுப் பேசறாங்கன்னு முதல்ல பாருங்க, பாதி சண்டை அங்கேயே விளங்கிடும்.

வென்ட்ஸ் விஷயத்துல ரெண்டு கட்சிக்கும் நல்லது நடக்கல. 2020ல 12 மேட்ச்ல 15 இன்டர்செப்ஷன், அதாவது எறிஞ்ச பால் எதிராளி கைக்குப் போனது, அதோட 50 தடவை எதிராளிங்க அவரைக் கீழ தள்ளினாங்க, டிசம்பர்ல கிரீன் பே மேட்ச் நடுவுல அவரை உக்கார வச்சுட்டு ஹர்ட்ஸை இறக்கினாங்க, அடுத்த வருஷம் கோல்ட்ஸ் டீமுக்கு டிரேட் பண்ணிட்டாங்க. அவர் போனப்புறமும் ஈகிள்ஸோட கேப்ல 3.3 கோடி டாலருக்கு மேல அவர் பேர்ல கணக்கு உக்காந்திருந்துச்சு. இதைத்தான் அங்க டெட் மணின்னு சொல்வாங்க, ஆள் போயிட்டார், கடன் போகல.

இனி கோச். கிரிக்கெட்ல ஃபீல்டிங் வைக்கறது, பௌலரை மாத்தறது எல்லாம் கேப்டன் கையில, கோச் பெவிலியன்ல உக்காந்து பார்த்துட்டு இருப்பார். இங்க தலைகீழ், ஒவ்வொரு பிளேயையும் சைட்லைன்ல நிக்கற கோச்சோ மேல பாக்ஸ்ல உக்காந்திருக்கற கோச்சோதான் தேர்ந்தெடுப்பாங்க. ஒரு பிளே முடிஞ்சா அடுத்ததுக்கு 40 செகண்ட் கடிகாரம் ஓடும், குவாட்டர்பேக்கோட ஹெல்மெட்டுக்குள்ள ஒரு ஸ்பீக்கர் இருக்கு, கோச் அது வழியா பிளேயைச் சொல்வார், கடிகாரம் 15 செகண்டுக்கு வந்ததும் அந்த லைன் தானா கட் ஆயிடும். அதுக்கப்புறம் அவர் தனி, எதிர் டீம் எப்படி நிக்குதுன்னு பார்த்து கடைசி நேரத்துல மாத்தறது எல்லாம் அவர் பொறுப்பு. அதனால ஒரு பிளே சொதப்பினா அது கூப்பிட்டவர் தப்பா, எறிஞ்சவர் தப்பா, இல்ல பிடிக்க வேண்டியவர் தப்பான ரூட்ல ஓடினாரான்னு டிவியில பார்க்கற நமக்கு உறுதியா சொல்லவே முடியாது. அந்த இடைவெளியிலதான் எல்லா வாதமும் உயிர் வாழுது.

ஹெட் கோச்சுக்குக் கீழ ரெண்டு முக்கியமான ஆள், அஃபென்ஸ் (பால் நம்ம கையில இருக்கும்போது ஆடறது) கோஆர்டினேட்டர், டிஃபென்ஸ் (எதிராளியைத் தடுக்கறது) கோஆர்டினேட்டர். டீம் நல்லா ஆடினா மத்த டீமுங்க இவங்களை ஹெட் கோச்சா கொத்திக்கிட்டுப் போயிடும். ஈகிள்ஸுக்கு அப்படியே நடந்துச்சு. நிக் சிரியானி ஹெட் கோச்சா வந்து 2022ல 14-3, அதாவது 14 வெற்றி 3 தோல்வி, சூப்பர் பவுல்ல சீஃப்ஸ்கிட்ட 38-35ன்னு நூலிழையில தோத்தாங்க, உடனே ஷேன் ஸ்டைக்கன் கோல்ட்ஸுக்கும் ஜோனதன் கானன் கார்டினல்ஸுக்கும் ஹெட் கோச்சா போயிட்டாங்க. 2023ல புது கோஆர்டினேட்டர்ஸ், ஆரம்பம் 10-1, ஊரே ஆகாசத்துல. அப்புறம் ஆறு மேட்ச்ல அஞ்சு தோல்வி, நடுவுல டிஃபென்ஸ் பொறுப்பை ஷான் தேசாய்கிட்ட இருந்து பிடுங்கி மேட் பட்ரீஷியாகிட்ட கொடுத்தாங்க, அது இன்னும் மோசமாச்சு, பிளேஆஃப் முதல் ரவுண்டுலயே டாம்பா பே 32-9ன்னு துவைச்சு அனுப்பிட்டாங்க. இதே ஹர்ட்ஸ்தான் முந்தின வருஷம் சூப்பர் பவுல்ல பின்னி எடுத்தவர். ஆளும் கையும் அதேதான், மாறினது காதுல பேசின குரல். இதைப் பார்த்தப்புறமும் குவாட்டர்பேக்கை மட்டும் தனியா எடுத்து மார்க் போடறவங்களை என்னால ஏத்துக்க முடியல.

பிளேஆஃபுக்கு வருவோம், இது கொஞ்சம் கணக்கு. 32 டீம், ஏஎஃப்சி என்எஃப்சின்னு ரெண்டு பாதி, ஒவ்வொண்ணுலயும் நாலு டிவிஷன், ஒரு டிவிஷனுக்கு நாலு டீம். ஈகிள்ஸ் இருக்கறது என்எஃப்சி ஈஸ்ட், கூட டல்லஸ் கவ்பாய்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ், வாஷிங்டன். ஒவ்வொரு டீமும் 17 மேட்ச் ஆடும், 2021க்கு முன்னாடி 16. ஒரு பாதியில இருந்து ஏழு டீம் பிளேஆஃப் போகும், டிவிஷன் ஜெயிச்ச நாலு பேர், மிச்சத்துல நல்ல ரெக்கார்டு உள்ள மூணு பேர், இவங்க வைல்ட் கார்ட். முதல் இடத்துல இருக்கறவங்களுக்கு மட்டும் முதல் வாரம் ஓய்வு. அப்புறம் எல்லாமே ஒரே மேட்ச், தோத்தா மூட்டை கட்ட வேண்டியதுதான். மோசமான டிவிஷன்ல ஜெயிச்ச டீம் பாதிக்கு மேல தோத்திருந்தாலும் உள்ள போயிடும், 2010 சீஹாக்ஸ் 7-9ல போனாங்க. 2008ல பேட்ரியாட்ஸ் 11-5 எடுத்தும் வெளிய நின்னாங்க.

அந்த 2008 சீசன் ஈகிள்ஸுக்கு எப்படிப் போச்சுன்னு தெரிஞ்சா ஃபேன்ஸ் ஏன் கடைசி வாரம் வரைக்கும் கால்குலேட்டரோட உக்காந்திருக்காங்கன்னு புரியும். நவம்பர்ல சின்சினாட்டி பெங்கால்ஸ் மாதிரி தேறாத டீம் கூட 13-13 டிரா பண்ணினாங்க, என்எஃப்எல்ல டிரா ரொம்ப அபூர்வம், மேட்ச் முடிஞ்சப்புறம் மெக்நாப் 'டிரா ஆகும்னே எனக்குத் தெரியாது'ன்னு வேற சொல்லிட்டார், ஊர் கொதிச்சுப் போச்சு. அடுத்த வாரம் பால்டிமோர்ல பாதி ஆட்டத்துல கோச் ஆண்டி ரீட் அவரை உக்கார வச்சுட்டு கெவின் கோல்ப்ங்கற இளம் ஆளை இறக்கினார், 36-7ன்னு படுதோல்வி. எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சப்போ நாலே நாள்ல தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்னைக்கு மெக்நாப் திரும்பி வந்து நாலு டச்டவுன் எறிஞ்சார். கடைசி ஞாயித்துக்கிழமை, டிசம்பர் 28, ஈகிள்ஸ் ஜெயிச்சா மட்டும் போதாது, டாம்பா தோக்கணும், சிகாகோ இல்ல மினசோட்டா ரெண்டுல ஒண்ணும் தோக்கணும். டாம்பாவும் சிகாகோவும் மதியமே தோத்துப்போச்சு, சாயங்காலம் ஈகிள்ஸ் கவ்பாய்ஸை 44-6ன்னு நொறுக்கி உள்ள போயிட்டாங்க, என்எஃப்சி ஃபைனல் வரைக்கும் போனாங்க. ரெக்கார்டு 9-6-1, கடைசி 1 அந்த டிரா. டாம்பா, டல்லஸ், சிகாகோ மூணும் 9-7. எல்லாரும் காறித் துப்பின அந்த டிராதான் அவங்களை மேல தூக்கி வச்சது.

இப்ப குவாட்டர்பேக், கோச், பிளேஆஃப் மூணும் ஒரே ராத்திரியில மோதின மேட்ச். 2021 ஜனவரி 3, 2020 சீசனோட கடைசி மேட்ச், ஈகிள்ஸ் எப்பவோ வெளிய போயாச்சு. எதிர்ல வாஷிங்டன், ஜெயிச்சா 7-9ல டிவிஷன் அவங்களுக்கு, தோத்தா 6-10ல இருக்கற ஜயன்ட்ஸுக்கு. அதாவது ஜயன்ட்ஸ் ஃபேன்ஸ் எல்லாரும் அன்னைக்கு ஒரு ராத்திரிக்கு ஈகிள்ஸுக்காக வேண்டிக்கிட்டு இருந்தாங்க. மூணாவது குவாட்டர்ல 17-14ன்னு பின்தங்கி இருக்கும்போது கோட்டுக்கு நாலு யார்டுல நாலாவது டவுன், உதைச்சா சமன். பெடர்சன் உதைக்கல, துணிஞ்சார், கிடைக்கல. சிலை வச்ச அதே துணிச்சல்தான். அப்புறம் கடைசி குவாட்டர்ல ரெண்டு டச்டவுன் ஓடியிருந்த ஹர்ட்ஸை வெளிய எடுத்துட்டு, மூணாவது ஆளான நேட் சட்ஃபெல்டை இறக்கினார், கொஞ்ச நேரத்துலயே ஒரு இன்டர்செப்ஷன், ஒரு ஃபம்பிள், அதாவது பாலைக் கை நழுவ விட்டது, 20-14 தோல்வி. ஜயன்ட்ஸ்காரங்க கொதிச்சாங்க, ஈகிள்ஸ் பிளேயர்ஸ்லயே சிலர் முகம் சுளிச்சாங்க. ஆனா தோத்ததால டிராஃப்ட்ல ஒன்பதாவது இடத்துக்குப் பதிலா ஆறாவது இடம் கிடைச்சது, அதை டிரேட் பண்ணி அடுத்த வருஷத்து முதல் ரவுண்டு பிக் ஒண்ணும் வாங்கி, பத்தாவது இடத்துல டிவான்டா ஸ்மித்தையும் எடுத்தாங்க. அடுத்த வாரமே பெடர்சன் வேலை போச்சு.

அது சரியா தப்பான்னு இன்னைக்கும் கேளுங்க, பாதி ஊர் மானக்கேடும்பாங்க, பாதி ஊர் ஸ்மித்தைக் காட்டும். என் மனசுல, ஆடறவன்கிட்ட தோக்கச் சொல்ற மாதிரி தெரியற எந்த முடிவும் டிரெஸ்ஸிங் ரூம்ல நம்பிக்கையை அரிச்சுடும், அதை எந்த பிக்காலயும் ஈடு கட்ட முடியாது.

2023 சரிவுக்கு அப்புறம் சிரியானியைத் தூக்குன்னு ஊர் முழுக்க குரல், ஓனர் ஜெஃப்ரி லூரி அவரை வச்சுக்கிட்டு கோஆர்டினேட்டர்ஸை மட்டும் மாத்தினார், அஃபென்ஸுக்கு கெல்லன் மூர், டிஃபென்ஸுக்கு விக் ஃபாங்கியோ. ஜயன்ட்ஸ்ல இருந்து சாக்வான் பார்க்லிங்கற ரன்னிங் பேக் வந்தார். 2024ல முதல் நாலு மேட்ச் 2-2, மறுபடி கூச்சல், பிரவுன்ஸ் கூட திக்கித் திணறி ஜெயிச்ச அன்னைக்கு சிரியானி சொந்த ஊர் ஃபேன்ஸைப் பார்த்தே பதிலுக்குக் கத்திட்டு மறுநாள் மன்னிப்பு கேட்டார். அந்த டீம் தொடர்ச்சியா பத்து மேட்ச் ஜெயிச்சு 14-3ல முடிச்சது, பார்க்லி 2,005 யார்டு ஓடினார், 2025 பிப்ரவரி 9ல நியூ ஆர்லியன்ஸ்ல சீஃப்ஸை 40-22ன்னு அடிச்சுது. ஒரு கட்டத்துல ஸ்கோர் 34-0. ஃபாங்கியோவோட டிஃபென்ஸ் எக்ஸ்ட்ரா ஆளே அனுப்பாம சீஃப்ஸ் குவாட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸை ஆறு தடவை கீழ தள்ளுச்சு, பார்க்லியைச் சீஃப்ஸ் கட்டிப்போட்டதால ஹர்ட்ஸ் எறிஞ்சும் ஓடியும் ஜெயிக்க வச்சார், ஸ்மித்துக்கு 46 யார்டுல ஒரு டச்டவுன், எம்விபியும் ஹர்ட்ஸுக்குத்தான்.

அப்பவும் 'டிஃபென்ஸ்தான் ஜெயிச்சது, அவன் கூட வந்தான்'னு சொல்றவங்க இருக்காங்க. மேட்ச் முடிஞ்ச ரெண்டாவது நாள் கெல்லன் மூர் செயின்ட்ஸுக்கு ஹெட் கோச்சா போயிட்டார். வெற்றி ஊர்வலம் பிப்ரவரி 14, அதுக்கு இன்னும் மூணு நாள் இருக்கும்போதே அடுத்த சீசன்ல ஹர்ட்ஸ் காதுல யார் பிளே சொல்லப் போறாங்கன்னு ஆரம்பிச்சுட்டாங்க.